போலரைஸ்டு கூலிங் கிளாஸ் கன்னத்தில் இடிக்கிறது, காதோரம் வலிக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

உப்பளத்துக் கணக்கர்:
வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்கும் மேற்பார்வையும் பார்க்கிறேன். முத்தையாபுரத்திலிருந்து பழையகாயல் வரை தினமும் பைக். பத்து மணிக்கு மேல் பாத்தித் தண்ணீரில் படுகிற வெயில் கண்ணைக் குத்துகிறது, சாயங்காலம் கண் எரிந்து நீர் வடிகிறது. போலரைஸ்டு நல்லது என்றார்கள், ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். பாத்தியின் அடித்தரை தெரிகிற அளவுக்குக் கூச்சம் போய்விட்டது. ஆனால் அரைமணி நேரத்தில் காதுக்கு மேலே வலி. வேர்த்தால் மூக்கில் வழுக்கி இறங்குகிறது, சிரித்தால் கன்னத்தில் இடிக்கிறது. மொபைலைச் சாய்த்தால் திரை கறுத்துவிடுகிறது. உப்பு அம்பாரத்தைப் பார்த்தால் மட்டும் கூச்சம் அவ்வளவாகக் குறையவில்லை. போலியை வாங்கிவிட்டேனா? எனக்கு வட்டமான, அகன்ற முகம். பவர் கிடையாது.

கண்ணாடிக்கடைக்காரர்:
தம்பி, காதுக்கம்பியின் உள்பக்கம் மூன்று எண்கள் இருக்கும், பாருங்கள். அப்புறம் ஒரு ஸ்கேலை நெற்றிக்கு முன்னால் பிடித்து, இரண்டு நெற்றிப்பொட்டுகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

உப்பளத்துக் கணக்கர்:
52, ஒரு சின்னச் சதுரம், 18, 140 என்று இருக்கிறது. முகத்தின் அகலம் 142 வந்தது.

கண்ணாடிக்கடைக்காரர்:
வலிக்குக் காரணம் அதுதான். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்குக்கு மேலே இரண்டு லென்ஸுக்கும் உள்ள இடைவெளி, 140 காதுக்கம்பியின் நீளம். 52ம் 52ம் 18ம் சேர்த்தால் 122. இரண்டு ஓரத்துக் கீல்களுக்கும் பத்து சேர்த்தாலும் 132தான் வரும். உங்கள் முகம் 142. கம்பி நாள் முழுக்க விரிந்து நின்று பொட்டை நெரிக்கிறது. நெரிக்கிற கண்ணாடி முன்னால் தள்ளும், அதோடு வேர்வையும் சேர்ந்தால் கீழே இறங்கி கன்னத்தில் உட்காரும். ஒரே தப்பின் மூன்று முகம் இது.

58, 17, 145 அளவில் தேடுங்கள். லென்ஸின் உயரம் குறைவாக இருக்கட்டும். மூக்குத் தண்டு தாழ்ந்தவர்களுக்குச் சட்டத்தோடு சேர்த்து வார்த்த மூக்குப்பிடி சரிப்படாது, வளைத்து உயர்த்தக்கூடிய தனி நோஸ் பேட் வேண்டும். ரப்பர் மாதிரி மெத்தென்ற பேட் என்றால் வேர்வையிலும் பிடிக்கும். உப்புக்காற்றில் மெட்டல் சட்டமும் திருகாணியும் துருப்பிடிக்கும், அதனால் டிஆர் 90 என்கிற லேசான பிளாஸ்டிக் சட்டம் போங்கள். எடை இருப்பதே தெரியாது. ஒரு குறை, அதைச் சூடாக்கி வளைத்துச் சரிசெய்வது கஷ்டம். முதலிலேயே அளவு பொருந்த வேண்டும்.

முகத்துக்கு எடுப்பாக இருக்குமா என்பதற்கு எங்கள் கடையில் பார்க்கிற பார்வை இதுதான்: வட்ட முகத்துக்கு வட்டக் கண்ணாடி போட்டால் முகம் இன்னும் உருண்டையாகத் தெரியும். மேல்விளிம்பு நேராக, ஓரங்கள் சற்றே மூலை தட்டியதாக எடுங்கள். அதற்கும் முன்னால் அகலம். சட்டத்தின் ஓரம் பொட்டோடு சரியாக முடிந்தாலே பாதி அழகு வந்துவிடும்.

வேதாரண்யத்தான்:
நானும் உப்பளத்தில் வளர்ந்தவன். அண்ணாச்சி, உங்களுடையது போலி இல்லை. மொபைல் திரை சாய்க்கும்போது கறுப்பதே அதற்குச் சாட்சி. தண்ணீர், தார்ச்சாலை மாதிரி படுக்கையாகக் கிடக்கிற வழுவழுப்பான பரப்பில் பட்டுத் தெறிக்கிற ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். போலரைஸ்டு லென்ஸ் அதைத்தான் தடுக்கும். காய்ந்த உப்புக் குவியல் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, அங்கே அந்த வித்தை செல்லாது. அதற்கு லென்ஸின் கறுப்புதான் துணை. வகை 3 என்று குறித்திருப்பதை வாங்குங்கள், அது 8 முதல் 18 சதவீத ஒளியைத்தான் உள்ளே விடும். வகை 4 இன்னும் கறுப்பு. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

யுவி 400, அதாவது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்ற குறி, இருக்கிறதா என்றும் பாருங்கள். போலரைஸ்டு வேறு, யுவி தடுப்பு வேறு. யுவி தடுக்காத கறுப்புக் கண்ணாடி கெடுதல்: இருட்டில் கண்பாவை விரியும், யுவி கூடுதலாக உள்ளே போகும்.

உப்புத்தரை வெளிச்சம் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரும். லேசாக முகத்தோடு வளைந்து வருகிற சட்டம் நல்லது.

பைக் ஓட்டி:
ஹெல்மெட்டை மறக்காதீர்கள். கம்பி மெல்லிசாக, நேராக இருந்தால் ஹெல்மெட்டுக்குள் சுலபமாக நுழையும். கடைக்கு ஹெல்மெட்டையும் எடுத்துப்போய்ப் பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.

உப்பளத்துக் கணக்கர்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ஹெல்மெட்டோடு கடைக்குப் போனேன். ஐந்தாறு போட்டுப் பார்த்ததில் 58, 17, 145, சாம்பல் நிற லென்ஸ், வகை 3, யுவி 400 உள்ளது சரியாக உட்கார்ந்தது. நோஸ் பேடைக் கொஞ்சம் நெருக்கி உயர்த்திக் கொடுத்தார்கள். சிரித்துப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன், இடிக்கவும் இல்லை, விழவும் இல்லை. இன்று மதியம் வரை போட்டிருந்தேன், வலி இல்லை. ஆனால் லென்ஸில் உப்புத்தூள் படிகிறது. சட்டையில் துடைக்கலாமா?

கண்ணாடிக்கடைக்காரர்:
வேண்டாம் தம்பி, உப்புப்பொடி லென்ஸைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். வெயிலில் நிற்கிற பைக் டேங்க் மேல் வைக்காதீர்கள், சூட்டில் லென்ஸுக்குள் இருக்கிற போலரைஸ்டு படலம் உரிந்து வரும். புதுக் கண்ணாடிக்குப் பிறகும் கண்ணில் நீர் வடிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கருவிழி ஓரத்தில் சதை வளர்வது உண்டு. பாத்தியில் வேலை பார்க்கிற பெண்களையும் ஒருமுறை கூட்டிப்போங்கள், அவர்கள் கண்ணில் படுவதும் அதே வெயில்தானே.