ஆல்ஃபா 0.7 தாண்டினால் டெஸ்ட் சரியா? சைக்காலஜி படித்தவர்கள் வாருங்கள்

அல்சூர்_டீச்சர்
நேற்று பி.எஸ்சி. சைக்காலஜியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "உளவியல் சோதனையும் அளவீடும்" தாள் கஷ்டமா என்று இங்கே கேட்டாள். அதற்கு ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர் எழுதிய பதில் இது: "ஒன்றும் கஷ்டமில்லை. சாஃப்ட்வேரில் போடு, க்ரான்பாக் ஆல்ஃபா 0.7 தாண்டினால் டெஸ்ட் சரி, தாண்டாவிட்டால் தூக்கிப் போடு. மற்றதெல்லாம் செமஸ்டரை ஓட்ட வாத்தியார்கள் சொல்வது." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. இந்தத் தாளைப் பல வருடமாக நடத்துகிறேன். முதல் மாதமே பிள்ளைகள் மனதிலிருந்து பிடுங்கி எறிய வேண்டியிருப்பது இந்த 0.7-ஐத்தான். ஆல்ஃபா நம்பகத்தன்மையைப் பற்றிய எண், அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப் போகின்றன என்பது. டெஸ்ட் எதை அளக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது. ஒருவரின் தலைச் சுற்றளவை டேப் வைத்து இன்று அளந்தாலும் அடுத்த வாரம் அளந்தாலும் ஒரே எண்தான் வரும், அதற்காக அதை அறிவுத்திறன் என்று எழுதிக் கொடுப்பீர்களா?

ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர்
மேடம், என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்ததற்கு நன்றி. தலை, டேப் எல்லாம் இருக்கட்டும். உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 0.7 என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்க வைத்திருக்கும் டெஸ்ட்டுக்கு 0.74. பாஸ். இதில் என்ன தப்பு என்று ஒரு வரியில் சொல்லுங்கள்.

அல்சூர்_டீச்சர்
ஒரு வரியில் சொல்கிறேன்: 0.7 பாஸ் மார்க் இல்லை.

இன்னும் கொஞ்சம் எழுதினால்தான் புரியும் என்றால் இதோ. சரி, தவறு என்று மட்டும் மதிப்பெண் போடும் கேள்விகளுக்கு 1937-லேயே கூடர், ரிச்சர்ட்சன் இருவரும் ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார்கள். அதைப் பொதுவாக்கி 1951-ல் ஆல்ஃபா என்று எழுதியவர் லீ க்ரான்பாக். 0.7 என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது உளவியல் அளவீடு பற்றி நன்னலி எழுதிய பாடநூலை. அவர் அதைச் சொன்னது ஆராய்ச்சியின் ஆரம்பக் கட்டத்துக்கு. அதே இடத்திலேயே, தனி மனிதரைப் பற்றி முடிவெடுக்கும் சோதனை என்றால் 0.90 குறைந்தபட்சம், 0.95 இருந்தால்தான் நல்லது என்றும் எழுதியிருக்கிறார். நீங்கள் ஆள் எடுக்கிறீர்கள். உங்களுக்கு அந்த இரண்டாவது வரிதான்.

எம்எஸ்சி_முதலாண்டு
மேடம், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நன்னலி 1967 பதிப்பில் ஆரம்பக் கட்டத்துக்கு 0.50, 0.60 போதும் என்றுதான் சொன்னார். 0.70 என்று மாற்றியது 1978 பதிப்பில். வருடத்தைப் போடாமல் "நன்னலி சொன்னார்" என்றால் எந்த நன்னலி?

ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர்
பார்த்தீர்களா! முதலில் 0.5, பிறகு 0.7. அவர்களே ஏற்றி இறக்குகிறார்கள். அப்படியிருக்க என் 0.74 மட்டும் எப்படிக் குறையும்?

எம்எஸ்சி_முதலாண்டு
சார், நான் உங்களுக்காகப் பேசவில்லை. வருடத்தைச் சொன்னேன். 1967, 1978. அவ்வளவுதான்.

அல்சூர்_டீச்சர்
தம்பி, வருடம் சரிதான், அது எனக்கும் தெரியும், இங்கே 1978-தான் பேச்சு. அதை வைத்து அவர் தப்பிக்கப் பார்க்கிறார், அதைக் கவனி.

எச்ஆர் சார், உங்கள் 0.74 எத்தனை கேள்வியில் வந்தது? ஏன் கேட்கிறேன் என்றால், கேள்விகளுக்குள் சராசரி ஒட்டுறவு, அதாவது ஒரு கேள்வியின் பதில் இன்னொன்றோடு ஒத்துப் போகும் அளவு, வெறும் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ரொம்பச் சுமாரான உறவு. 10 கேள்வி வைத்தால் ஆல்ஃபா 0.71. அதே தரத்தில் 20 கேள்வி வைத்தால் 0.83. 40 வைத்தால் 0.91. ஒரு கேள்விகூட முன்பைவிட நல்ல கேள்வி இல்லை, நீளம் மட்டும்தான் கூடியது. ஸ்பியர்மன், பிரவுன் இருவரும் 1910-லேயே தனித்தனியாக எழுதிய கணக்கு இது. இன்னொரு வழியும் உண்டு, "நான் கவலைப்படுகிறேன்", "எனக்குக் கவலை அதிகம்", "அடிக்கடி கவலை வருகிறது" என்று ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டால் ஆல்ஃபா எகிறும். டெஸ்ட் நல்லதாகிவிட்டதா? "நான் நிம்மதியாக இருக்கிறேன்" என்பது போல எதிர்த்திசையில் இருக்கும் கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்தால் ஆல்ஃபா சரியும், மைனஸில்கூடப் போகும், பிராக்டிகலில் ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் அந்த எண்ணை அப்படியே ரெக்கார்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அப்புறம், அந்த எண் டெஸ்ட்டின் மேல் ஒட்டிய முத்திரையும் இல்லை, அன்று எழுதிய கூட்டத்தின் பதில்களிலிருந்து வருவது. எல்லோரும் ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கிய இன்ஜினியர்கள் என்றால் அதே டெஸ்ட்டுக்கு ஆல்ஃபா இறங்கிவிடும்.

ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர்
இவ்வளவு நீளம் எழுதியும் 0.74 என்பது 0.7-ஐவிடப் பெரிது என்பதை மறுக்கவில்லை நீங்கள்.

மர்பிடவுன்_வாசி
அடிப்படையே ஆட்டம் காண்கிறது, நீங்கள் இருவரும் 0.7-ல் நிற்கிறீர்கள். 1946-ல் உளவியலாளர் ஸ்டீவன்ஸ் பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம் என்று நான்கு அளவுகோல் சொன்னார். "முற்றிலும் ஒப்புகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டம் போடும் லைக்கர்ட் கேள்வி வரிசை அளவுகோல், எது முன், எது பின் என்று மட்டும்தான் அது சொல்லும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம்தான் நான்குக்கும் ஐந்துக்கும் என்று யார் அளந்தது? அதற்குச் சராசரி போடுவதே கேள்விக்குரியது. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர்
இவர் வேறு வந்துவிட்டார்.

ஸ்ரீராமபுரம்_அப்பா
நான் சைக்காலஜி படித்தவன் இல்லை. ஆனால் எனக்கும் இதில் பேச்சு இருக்கிறது. பையன் படிப்பில் பின்தங்குகிறான் என்று ஸ்கூலில் சொன்னதும் ஒரு தனியார் மையத்துக்கு அழைத்துப் போனோம். கேள்வியெல்லாம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும், வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். கடைசியில் ஒரு தாளில் ஐக்யூ 78 என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு எண், வேறு ஒன்றும் இல்லை. அவன் அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. 0.7, 0.9 என்று நீங்கள் சண்டை போடுகிறீர்கள், மனசை எண்ணால் அளக்க முடியுமா என்று முதலில் சொல்லுங்கள்.

அல்சூர்_டீச்சர்
அண்ணே, உங்களுக்கு நடந்ததைப் படித்துக் கோபம்தான் வருகிறது. அளக்க முடியும், ஆனால் பிழையோடுதான் அளக்க முடியும், அந்தப் பிழை எவ்வளவு என்பதையும் எண்ணாகச் சொல்ல முடியும். இந்தத் தாளில் பிள்ளைகள் படிப்பது அதைத்தான். உங்கள் பையனின் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். ஐக்யூவின் சராசரி 100, திட்டவிலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, 15. ஒன்றிலிருந்து நம்பகத்தன்மையைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 15-ஆல் பெருக்கினால் அளவீட்டின் திட்டப்பிழை. நம்பகத்தன்மை 0.7 என்றால் பிழை 8.2. நூற்றுக்கு 95 உறுதியோடு பேச அதை ஏறக்குறைய இரண்டால் பெருக்க வேண்டும், அப்போது 78 என்பது 62-க்கும் 94-க்கும் நடுவில் எங்கோ. 62-க்கும் 94-க்கும்! ஒரு முனையில் அறிவுத்திறன் குறைபாடா என்று விசாரிக்க வேண்டிய குழந்தை, மறுமுனையில் சாதாரணமாகப் படிக்கிற குழந்தை. நம்பகத்தன்மை 0.95 என்றால் அதே 78 என்பது 71 முதல் 85 வரை. இதனால்தான் 0.7 போதும் என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நல்ல அறிக்கையில் அந்த எல்லை இருக்கும், எந்த டெஸ்ட், எந்த மொழியில் நடந்தது என்று இருக்கும். 70-க்குக் கீழே போனாலும் எண்ணை மட்டும் வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது, அன்றாட வேலைகளை எப்படிச் செய்கிறான் என்றும் பார்க்க வேண்டும். அந்த மையத்தில் இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஹெப்பால்_கார்த்தி
பெங்களூரில் இருந்துகொண்டு கன்னடத்தில் கேட்டார்கள் என்று குறை சொல்வது என்ன நியாயம்? இங்கே பிறந்த பிள்ளைக்குக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்ரீராமபுரம்_அப்பா
அவனுக்குக் கன்னடம் தெரியும். தெருவில் பேசுகிற கன்னடம் வேறு, பரீட்சை மாதிரி உட்கார வைத்துக் கேட்கிற கன்னடம் வேறு. நீங்கள் எந்த ஏரியாவில் யாரோடு பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

ஹெப்பால்_கார்த்தி
போன மாதம் கடைப் பெயர்ப்பலகை இழையிலும் இதே பேச்சுத்தான் பேசினீர்கள்.

அல்சூர்_டீச்சர்
கார்த்தி, பெயர்ப்பலகைச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். யாரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. பினே அறிவுத்திறன் சோதனையைக் காமத் 1930-களில் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் தரப்படுத்தினார். பெரிய வேலை, அதற்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த நார்ம் அட்டவணை, அதாவது ஒப்பிட வைத்திருக்கும் மதிப்பெண் பட்டியல், அந்தக் காலத்துக் குழந்தைகளுடையது. ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் சோதனை மதிப்பெண்கள் பல நாடுகளில் ஏறியிருப்பதை ஃப்ளின் 1980-களில் காட்டினார், பழைய நார்ம் வைத்தால் இன்றைய குழந்தையின் ஐக்யூ கூடுதலாகத் தெரியும். மொழியைக் குறைத்துக்கொண்டு அளக்க வழி இல்லாமலா போனது? பாட்டியாவின் செயல்திறன் சோதனைத் தொகுப்பு 1955-லேயே வந்தது, கட்டைகளை அடுக்குவது, வடிவம் வரைவது என்று ஐந்து பகுதிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் மனதில் வைத்துச் செய்தது. எங்கள் மாணவர்கள் லேபில் அதைத் தொட்டுப் பார்க்காமல் டிகிரி வாங்குவதில்லை. எச்ஆர் சார் வீண் என்று சொன்ன செமஸ்டர் இதுதான்.

ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர்
மேடத்துக்கு என் மேல் பழைய கோபம். எங்கள் டீமுக்கு எம்பிடிஐ என்ற ஆளுமைச் சோதனை நடத்தினோம் என்று நான் எழுதியபோதும் இப்படித்தான் பாய்ந்தார். வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்குக் கம்பெனியில் முடிவெடுக்கும் அவசரம் தெரியாது. இருநூறு விண்ணப்பம் மேசையில் இருக்கும்போது 0.95-க்குக் காத்திருக்க முடியாது.

அல்சூர்_டீச்சர்
பாய்ந்தேன், இன்னும் பாய்வேன். எம்பிடிஐயை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. நடுவில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு ஒரு மதிப்பெண் இந்தப் பக்கம் நின்றவரை ஒரு வகை, அந்தப் பக்கம் நின்றவரை வேறு வகை என்று பிரிப்பது பிழை எல்லையை அடியோடு மறப்பது. அவசரம் உங்களுடையது, வேலை போவது அந்த இருநூறு பேரில் ஒருவருக்கு. வேலையில் எப்படிச் செய்தார்கள் என்பதோடு உங்கள் டெஸ்ட் மதிப்பெண்ணை என்றைக்காவது ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? டெஸ்ட் அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை, அதைப் பார்க்கும் வழிகளில் இது ஒன்று. ஏற்புடைமையின் இன்னொரு வகையைப் பற்றி 1955-ல் க்ரான்பாக்கும் மீலும் தனிக் கட்டுரையே எழுதினார்கள், ஆல்ஃபா எழுதிய அதே க்ரான்பாக்.

ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர்
கேள்விக்குக் கேள்வி. 0.74, 0.7-க்கு மேலா கீழா?

மர்பிடவுன்_வாசி
ஸ்டீவன்ஸ் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எம்எஸ்சி_முதலாண்டு
மேடம், ஆல்ஃபாவுக்குப் பதில் மெக்டானல்டின் ஒமேகா போடலாம் இல்லையா? எல்லாக் கேள்வியும் சமமாக அளக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. ஜாஸ்ப் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேர் இலவசம்தான், அதிலேயே வருகிறது.

ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர்
ஒமேகாவுக்கும் 0.7 தானே?

அல்சூர்_டீச்சர்
இல்லை சார். எந்த எழுத்தைப் போட்டாலும் பாஸ் மார்க் கிடையாது. அறிக்கையை இங்கே போடுவதாக இருந்தால் எத்தனை கேள்வி, எத்தனை பேர் எழுதியது, எந்த முடிவுக்காக, இந்த மூன்றும் இல்லாமல் போடாதீர்கள். தம்பி, ஒமேகாவுக்குத் தனி இழை திற, அங்கே வருகிறேன். அப்பா அண்ணே, மையத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

ஒயிட்ஃபீல்ட்_எச்ஆர்
திங்கட்கிழமை அறிக்கையைப் போடுகிறேன். அதில் முதல் பக்கத்திலேயே இருக்கும், 0.74.