ஹண்டிங்டன் ஏரியில் நாய்களும் ஒரு கரடியும்

கலிஃபோர்னியாவில் நாய்களோடு டென்ட் போட்டுத் தங்க எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் ஹண்டிங்டன் ஏரியைத்தான் சொல்வேன். யோசெமிட்டி மாதிரி தேசியப் பூங்காக்களில் மலைப்பாதைகளில் பெரும்பாலும் நாயை விடமாட்டார்கள். இந்த ஏரி சியரா தேசிய வனத்துக்குள் இருப்பதால் அந்தக் கெடுபிடி இல்லை. முகாமில் மட்டும் ஆறடிக்கு மேல் நீளாத கயிற்றில் கட்டி வைத்திருக்க வேண்டும்.

ஃப்ரெஸ்னோவிலிருந்து 168ஆம் எண் சாலையில் ஏறினால் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் ஏரி. பிக் க்ரீக் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டித் தேக்கிய தண்ணீர் இது. 1913இலேயே இங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை மின்சாரம் போனது. போகிற வழியில் 2020 காட்டுத்தீயில் கருகிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. அதைப் பார்த்தால் அங்கே போய் அடுப்பு மூட்டவே மனசு வராது.

மத்தியானம் ஆனதும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பாய்மரப் படகுக்காரர்களுக்குக் கொண்டாட்டம், டென்ட் போடுகிறவனுக்குத் திண்டாட்டம். ஆணிகளைக் காலையிலேயே நன்றாக அடித்துவிடுங்கள். எங்கள் மணி லாப்ரடார் என்பதால் ஐஸ் மாதிரி இருந்த தண்ணீரிலும் இறங்கிக் கும்மாளம் போட்டான். எங்கள் இன்னொரு நாய் புலி பேருக்குத்தான் புலி, கால் நனைந்தாலே உதறுவான்.

சரி, கரடி விஷயத்துக்கு வருகிறேன். விடியற்காலையில் பக்கத்து இடத்திலிருந்து பை கிழிகிற சத்தம். அப்புறம் யாரோ முறுக்கு கடிப்பது போல மொறுமொறுவென்று கேட்டது. டென்ட் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால், பக்கத்து டென்ட்காரர்கள் மேசையில் விட்டுப் போன நாய்த்தீனி மூட்டைக்குள் தலையை விட்டபடி ஒரு கரடி! செம்பட்டை நிறம். இங்கே இருப்பது கருங்கரடி மட்டும்தான், ஆனால் அவற்றில் பல பழுப்பாகவே இருக்கும்.

மணி குரைத்துக்கொண்டு கயிற்றை இழுக்க ஆரம்பித்தான். "என்னங்க, கயிற்றை விட்டுடாதீங்க!" என்று கத்தினாள் என் மனைவி. அவள் சொன்னது சரி. அவிழ்த்துவிட்ட நாய் கரடியைத் துரத்தும், கரடி திரும்பினால் பயந்துபோய் நேராக நம்மிடமே ஓடி வரும், பின்னாலேயே கரடியும் வரும். நாய்களோடு போகிறவர்கள் கரடியைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும். இரும்புச் சட்டியைக் கரண்டியால் தட்டினேன். அது நிமிர்ந்து பார்த்தது, இன்னொரு வாய் தின்றது, பிறகு அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் நடந்து போய்விட்டது.

முகாமில் கரடி கையில் சாப்பாடு சிக்காமல் இருக்கவென்றே இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நம் சாப்பாட்டை அதில் பூட்டிவிட்டு நாய்த்தீனியை வெளியே விடுகிறவர்கள்தான் அதிகம். நாயின் தட்டு, பிஸ்கட், ஷாம்பூ, பற்பசை, வாசனை வருகிற எதுவானாலும் உள்ளே போக வேண்டும்.

புலி அன்று காரை விட்டு இறங்க மறுத்துவிட்டான். மதியம் சப்பாத்தி வாசனை வந்ததும் இறங்கினான்.