அண்டா யாரிடம்? ஆயா வீட்டுக் குழு, மார்ச் 2020

ஞாயிறு, 15 மார்ச்

பெரியப்பா: ஜனாதிபதி பேச்சை எல்லோரும் கேட்டீர்களா? கேட்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அத்தை மகன்: சுருக்கமாகவா 🙏

பெரியப்பா: தென்னாப்பிரிக்காவில் இதுவரை 61 பேருக்குக் கொரோனா இருக்கிறது. முதல் ஆள் நம் குவாசுலு-நடால் மாகாணத்துக்காரர், இத்தாலி போய் வந்தவர், 5ஆம் தேதி சொன்னார்களே அவர்தான். இப்போது பேரிடர் நிலை அறிவித்துவிட்டார்கள். 100 பேருக்கு மேல் எங்கும் கூடக் கூடாது. புதன்கிழமை முதல் பள்ளிக்கூடம் மூடல், ஈஸ்டர் முடிந்துதான் திறப்பு. இத்தாலி, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, சீனா, இன்னும் சில நாட்டுக்காரர்கள் உள்ளே வர முடியாது. ஆகையால் சனிக்கிழமை நம் குட்டியின் முதல் கார் ரேஸ் விஷயத்தை இன்றே பேசி முடிக்க வேண்டும்.

சித்தி: பள்ளிக்கூடம் மூடலா?? நான் எங்கே போவேன்

அத்தை: அப்போ குட் பிரைடே? மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா?

பெரியப்பா: அது ஏப்ரல் 10. நாள் இருக்கிறது. முதலில் சனிக்கிழமை.

அத்தை: எனக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது. உங்களுக்கு ரேஸ்தான் பெரிது.

சித்தப்பா: நம் பட்டியலே 31 பேர். நாம் போய் நின்றாலே மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விடும்

அத்தை மகன்: எங்கள் அம்மா ஒருவர் இரண்டு பேருக்குச் சமம். 32

அத்தை: வீட்டுக்கு வா.

நான்: குட்டி எங்கே? அவன் என்ன சொல்கிறான்?

குட்டி: ரேஸ் உண்டு

குட்டி: இதுவரைக்கும்

அப்பா: மெல்போர்ன் ஃபார்முலா 1 ரேஸில் வெள்ளிக்கிழமை ஆட்கள் வாசலில் வரிசையில் நிற்கும்போதே ரத்து என்றார்கள். மெக்லாரன் அணியில் ஒருவருக்கு வந்துவிட்டது. அவ்வளவு பணம் உள்ளவர்களே நிறுத்தும்போது, பிரிட்டோரியா பக்கத்தில் நாம் 1600 சிசி வண்டி ஓட்டுவதை யார் விடப்போகிறார்கள்?

குட்டி: பஹ்ரைனும் போச்சு. ஃபார்முலா 3 முதல் ரேஸ் இந்த வாரம்தான் இருந்தது. 30 வண்டி

பெரியப்பா: எனக்கு ஒரு சந்தேகம். ஃபார்முலா 3 என்பது ஃபார்முலா 1க்கு மேலா கீழா?

குட்டி: கீழே பெரியப்பா

பெரியப்பா: அப்படியானால் நீ ஓட்டும் 1600?

குட்டி: அதற்கும் ரொம்பக் கீழே

அத்தை மகன்: சாட்ஸ்வர்த் பஸ்ஸுக்குக் கொஞ்சம் மேலே

பெரியப்பா: கேலி வேண்டாம். 1960-களில் தாத்தா என்னை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராய் ஹெஸ்கெத் ரேஸ் தடத்துக்குத் தோளில் தூக்கிப் போவார். நமக்கு என்று ஒரு பக்கம், வேலிக்கு அந்தப் புறம் வெள்ளைக்காரர்கள். வளைவு தெரியாது, சத்தம்தான் கேட்கும். சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று தாத்தா சொல்வார். 1975இல் நம் நாட்டுக்காரர் ஜோடி ஷெக்டர் கியாலாமி ஃபார்முலா 1 ரேஸில் ஜெயித்தபோது ரேடியோ பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார், சோறு காய்ந்துவிட்டது. ஷெக்டர் 1979இல் உலக சாம்பியன் ஆனார். ராய் ஹெஸ்கெத் 1981இல் மூடிவிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளை வேலிக்கு உள்ளே போய் வண்டியில் உட்காருவான் என்று தாத்தா நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். அதற்காகத்தான் 31 பேர்.

சித்தி: 🙏

அத்தை: அதெல்லாம் சரி அண்ணா. பிரியாணிக்குப் பெரிய அண்டா யாரிடம்?

[சித்தப்பா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்]

பெரியப்பா: ஆங்கில எழுத்தில் அனுப்பினாய், நான் பார்த்துவிட்டேன். அபராதம் 10 ரேண்ட், கோயில் உண்டியலுக்கு.

திங்கள், 16 மார்ச்

அப்பா: ஏற்பாட்டாளர்கள் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். ரேஸ் உண்டு. பார்வையாளர் கிடையாது. ஓட்டுபவரோடு இரண்டே பேர்.

சித்தப்பா: நான் ஒன்று

அம்மா: நான் ஒன்று.

அப்பா: அப்போ நான்?

அத்தை மகன்: மாமி சொன்ன பிறகு என்ன கேள்வி மாமா

சித்தப்பா: அண்ணா, டயர் காற்று பார்க்கத் தெரியுமா உங்களுக்கு? காலையில் குளிரில் ஒரு அழுத்தம், நாலு சுற்று ஓடி வந்த பிறகு ஒரு அழுத்தம். போன வாரம் என் பக்கியில், அந்தப் பிக்அப் வண்டியில், டிரெய்லரைக் கட்டி 600 கிலோமீட்டர் இழுத்து வந்தது நான். வண்டி இப்போது என் கராஜில். என் கார் வெளியே மழையில்.

அப்பா: வான் ரீனன் மலையில் டிரெய்லர் விளக்கை உடைத்ததும் நீதான்.

சித்தப்பா: ஒரு விளக்கு!

அம்மா: முதல் ரேஸ். 16 வயது. தாய் இல்லாமல் அனுப்ப மாட்டேன். மற்ற இடத்துக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: ஒரு கணக்கு. வண்டிகள் 24 என்று குட்டி சொன்னான். ஒரு வண்டிக்கு மூன்று பேர் என்றால் 72. வளைவுக்கு வளைவு கொடி காட்டுபவர்கள், மருத்துவர், ஆம்புலன்ஸ் ஆட்கள், நேரம் குறிப்பவர்கள், வண்டியைச் சோதிப்பவர்கள், எல்லாம் சேர்த்து 30 வைத்தால் 102. இது குட்டியின் பிரிவு மட்டும்.

நான்: இரண்டு பேர் அதிகம்

அத்தை மகன்: அந்த இரண்டு பேர் அப்பாவும் சித்தப்பாவும். முடிந்தது பஞ்சாயத்து

கோவை மாமா: எல்லோருக்கும் வணக்கம்ங்க. நான் புதன்கிழமை கிளம்புவதாக இருந்தேன். இன்று புதிய உத்தரவு. துபாய் வழியாகத் திரும்பி வந்தால் 14 நாள் தனியாக வைப்பார்களாம், 18ஆம் தேதியிலிருந்து. பட்டறையை 14 நாள் மூடிப் போட்டால் கட்டுப்படியாகாது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மன்னிக்கணும் மாப்பிள்ளை.

அப்பா: பரவாயில்லை மச்சான்.

குட்டி: மாமா கையுறை??

கோவை மாமா: என் பெட்டியில் இருக்கிறது கண்ணு. வரும்போது கொண்டு வருகிறேன். ஒன்று சொல்கிறேன் கேள். எங்கள் ஊர் கரிவரதன் மாருதி எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கை வண்டி செய்தார். நரேன் கார்த்திகேயன் அந்த ஃபார்முலா மாருதியில்தான் ஆரம்பித்தார். 2005இல் ஃபார்முலா 1 போனார். எல்லோரும் சின்ன வண்டியில்தான் தொடங்கினார்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது.

அம்மா: தள்ளிப்போகவில்லை அண்ணா. ரேஸ் உண்டு.

கோவை மாமா: சரி சரி

அத்தை: மாமா வரும்போது எனக்குச் சொன்ன கல் சட்டி?

பெரியப்பா: தங்கச்சி!

ஆயா: 🎤 குரல் பதிவு (0:47)

சித்தி: அம்மா 😳

அத்தை: இது என்ன புதுக் கதை?

நான்: ஆயா என்ன சொன்னார்கள்? கேப்டவுன் நூலகத்தில் இருக்கிறேன், ஒலி போட முடியாது

அத்தை மகன்: எழுதுகிறேன். "யாரும் சண்டை போடாதீர்கள். ரெண்டு பேரில் ஒருத்தி நான். என் வளையலைப் போட்டு வாங்கின வண்டி, நான் பார்க்க வேண்டாமா? யார் கேட்டாலும் சொல்லாதே என்று தம்பி சொன்னான். எனக்கு ஞாபகம் இல்லை, சொல்லிவிட்டேன். குட்டிக்குப் பால் குடுத்தீர்களா?" அப்புறம் இருமல். அப்புறம் டிவி சத்தம்

நான்: ஓ

அத்தை: எந்த வளையல்?

அத்தை: தம்பி. எந்த வளையல்?

அப்பா: அக்கா, போனில் பேசுகிறேன்.

அத்தை: இங்கேயே சொல். எல்லோரும் அண்ணன் தம்பிதானே.

அப்பா: பழைய ஜோடி. இஞ்சின் மட்டும் அதில். மற்றது என் பணம்.

அத்தை: அந்த ஜோடி என் மகள் கல்யாணத்துக்கு என்று அப்பா உயிரோடு இருக்கும்போதே சொன்னது. சாட்சி பெரியண்ணன்.

பெரியப்பா: நான் அந்தப் பேச்சுக்கு வரவில்லை.

அத்தை: எந்தப் பேச்சுக்குத்தான் வந்தீர்கள். ராய் ஹெஸ்கெத் என்றால் மட்டும் ஒரு முழப் பதிவு.

சித்தி: யாரோ மஞ்சள் பூண்டு குடித்தால் வராது என்று அனுப்பியிருக்கிறார்கள். இதோ 👇

பெரியப்பா: பொய். பரப்பாதே.

அம்மா: ஆயா இருமுகிறார்கள். அதை யாராவது கவனித்தீர்களா?

பெரியப்பா: ஊறுகாய் மூக்கில் ஏறியது. நன்றாக இருக்கிறார்கள். வாசலில் வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா இலை கட்டச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். அம்மை வந்த காலத்தில் மாரியாத்தாளுக்குக் கட்டியதாம், இதற்கும் அவள்தானாம்.

புதன், 18 மார்ச்

குட்டி: ஒத்திவைப்பு

நான்: 😔

குட்டி: தேதி பிறகு சொல்வார்களாம்

சித்தப்பா: கட்டின பணம்?

அப்பா: அடுத்த ரேஸுக்கு வைத்துக்கொள்வார்களாம். அடுத்தது எப்போது என்று கேட்டேன். பதில் இல்லை.

பெரியப்பா: 10 கிலோ ஆட்டுக்கறிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அத்தை மகன்: ஆட்டையும் ஒத்திவையுங்கள்

அம்மா: குட்டி அறையை விட்டு வரவில்லை. யாரும் இப்போது அவனுக்குப் போன் செய்ய வேண்டாம்.

அத்தை: சாப்பிட்டானா?

அம்மா: இல்லை அண்ணி.

அத்தை: அவனுக்குப் பிடித்த பீன்ஸ் கறி வைத்து என் மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாசலில் வைத்துவிட்டுப் போவான். உள்ளே வர மாட்டான்.

அத்தை: வளையல் பேச்சு வேறு. அது முடியவில்லை.

வியாழன், 26 மார்ச்

பெரியப்பா: ஜனாதிபதி திங்கள் ராத்திரி சொன்னதை மறுபடி சொல்கிறேன். இன்று நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. எட்டே நாளில் 61 என்பது 402 ஆனது. மருந்து, சாப்பாட்டுச் சாமான், வங்கி தவிர யாரும் வெளியே போகக் கூடாது. காலையில் ஓடக் கூடாது, நாயைக் கூட்டிப் போகக் கூடாது. மது விற்பனை கிடையாது.

சித்தப்பா: கடையில் வரிசையில்தான் நிற்கிறேன். எனக்கு முன்னால் 40 பேர்

பெரியப்பா: வெட்கமாக இல்லையா?

சித்தப்பா: பின்னால் 60 பேர் அண்ணா. நான் கொஞ்சம் முன்னேறிவிட்டேன்

கோவை மாமா: இங்கேயும் நேற்றிலிருந்து 21 நாள்தாங்க. பட்டறை மூடல். வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வண்டி சத்தம் இல்லை.

குட்டி: சித்தப்பா வண்டி

சித்தப்பா: கராஜில் பத்திரம். மேலே துணி

குட்டி: தரையில் நிற்கிறதா?

சித்தப்பா: பின்னே பறக்குமா?

குட்டி: 21 நாள் நின்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகும். நான்கு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், முதலில் கறுப்பு. பெட்ரோலை இறக்கிவிடுங்கள். பிரேக் மிதியை வாரம் ஒரு தரம் மிதியுங்கள். இஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றிவிடுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எலி வராமல் சைலன்சர் வாயில் துணி. நினைவிருக்கட்டும், துணியை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

நான்: இவன் இவ்வளவு எழுதி நான் பார்த்ததே இல்லை

பெரியப்பா: என் பக்கம் வந்துவிட்டான் 👏

சித்தப்பா: ராத்திரி செய்கிறேன். பிரேக் மிதிக்க உள்ளே உட்கார வேண்டுமே

குட்டி: சீட்டை எடுத்துவிட்டு உட்காருங்கள். அது என் அளவு

அம்மா: அந்தச் சீட்டு. நம் கராஜில் இரண்டு மருந்தைக் கலந்து கறுப்புக் குப்பைப் பையில் ஊற்றி, இவன் மேலே உட்கார்ந்து, நுரை பொங்கி முதுகோடு ஏறியது. ஆயா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு "அசையாதே, அசையாதே" என்று இருபது நிமிடம். மிச்சம் வழிந்து என் கால்மிதியில் ஒட்டியது, இன்னும் போகவில்லை.

அத்தை மகன்: கால்மிதிக்கும் ரேஸ் லைசென்ஸ் வாங்குங்கள்

அம்மா: பிப்ரவரியில் அளந்தேன், 1.71. இன்று கதவருகே நிற்க வைத்து அளந்தேன். 1.73.

குட்டி: அம்மா

அம்மா: என்ன அம்மா? இப்படியே போனால் ரேஸ் வரும்போது சீட்டு சேராது.

அப்பா: வேறு ஊற்றிக்கொள்ளலாம்.

அத்தை: எதைப் போட்டு?

(21:40)

சித்தி: யாராவது இவருக்குப் போன் செய்யுங்கள். சீட்டை எடுக்காமல் உள்ளே இறங்கிவிட்டார். எழ முடியவில்லை. 📷

அப்பா: 🤣🤣

நான்: ஐயோ அந்த முகம்

பெரியப்பா: ஸ்டியரிங் கழலும். ஸ்டியரிங்கைக் கழற்றச் சொல்.

குட்டி: பின்னால் வளையத்தை இழுத்தால் ஸ்டியரிங் வந்துவிடும். கையை மேலே பிடித்து, தோளை முதலில். யாரும் பக்கத்து உறையைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடையும்

சித்தி: உங்கள் சித்தப்பா உடைந்தால் பரவாயில்லையா?

குட்டி: உறை கிடைக்காது சித்தி

அத்தை மகன்: நள்ளிரவுக்குள் எடுத்துவிடுங்கள். அப்புறம் 21 நாள் அங்கேயேதான்

ஆயா: 🎤 குரல் பதிவு (0:12)

நான்: என்ன?

அத்தை மகன்: "யார் அது வண்டியில்? என் முறை எப்போ?"

சித்தி: எழுந்துவிட்டார். ஒரு செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது.

குட்டி: எந்தப் பக்கம்? மிதி பக்கமா?

குட்டி: சித்தி எந்தப் பக்கம்

அத்தை: அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் எல்லோரும். வண்டிக்குப் பின்னால், அலமாரிக்குக் கீழே, பெயிண்ட் டப்பா வைத்திருப்பது என்ன? என் அண்டா இல்லையா அது?

சித்தப்பா: அது வேறு அண்டா

அத்தை: காதில் நசுங்கின இடம் தெரிகிறது. 2011, டோங்காட் கல்யாணம்.

சித்தப்பா: 21 நாள் கழித்துப் பேசலாம் அக்கா, நெட் சரியில்லை