மழையளவு அதேதான், பெய்யும் விதம் மாறினால் சவன்னாவில் மரம் கூடுமா?

நிலாவெளி ரீச்சர்:
உயர்தர வகுப்புக்காகக் கேட்கிறேன். சவன்னாவில், அதாவது புல்வெளியில் மரங்கள் சிதறி நிற்கும் நிலத்தில், வருட மழை குறையாமல், மழை நாள்கள் மட்டும் குறைந்து, பெய்வது கொட்டித் தீர்த்தால் மரம் கூடுமா, புல் கூடுமா? சவன்னாவுக்குச் சொல்லும் 650 மி.மீ. மழைக் கணக்கு என்பது என்ன? திருகோணமலையில் 1,500க்கு மேல் பெய்கிறதே.

பாலையூற்றான்:
ரீச்சர், 650 என்பது ஆபிரிக்கச் சவன்னாக்களில் 854 இடங்களின் தரவை வைத்து 2005இல் வந்த கணக்கு. அதற்குக் கீழே மரங்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற உச்சத்தை மழை தீர்மானிக்கிறது. அதற்கு மேலே காடு மூடவே ஈரம் காணும். தடுப்பது தீயும் மேயும் விலங்குகளும். 650ஐச் சராசரி என்று எழுதினால் பிழை, அது வரம்பு.

கொட்டும் மழை பெரும்பாலும் மரத்துக்கே சாதகம். மணற்பாங்கான மண்ணில் 10 மி.மீ. மழை ஏறத்தாழ 10 செ.மீ. ஆழம்தான் நனைக்கும். ஆறு தரம் அப்படிப் பெய்தால் புல்வேரும் வெயிலும் முடித்துவிடும். அதே 60 ஒரே தரத்தில் விழுந்தால் அரை மீற்றருக்குக் கீழே இறங்கும், அங்கே இருப்பது மரவேர். தென்னாபிரிக்காவின் குரூகர் பூங்காவில் மொத்த மழையை மாற்றாமல் சிறு மழைகளைச் சேர்த்துப் பெரிதாக விட்டுப் பார்த்தார்கள்: மரஞ்செடிகள் வளர்ந்தன, புல் குறைந்தது.

கந்தளாய் வயலான்:
அது தண்ணீர் உள்ளே இறங்கும் மண்ணுக்கு, அண்ணை. மாடு மிதித்து இறுகிய நிலத்தில் 60 மி.மீ. விழுந்தாலும் பெரும்பகுதி ஓடிவிடும். மழை விட்டு இரண்டாம் நாள் அலவாங்கால் ஒரு மீற்றர் தோண்டி, 10 செ.மீ.க்கு ஒரு பிடி மண் எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டை நிற்குமிடம் வரைக்கும் ஈரம். கறையான் புற்றுக்கும் மரத்தடிக்கும் பக்கத்தில் தோண்டவேண்டாம். பழைய வேர்த்துளை வழியே தண்ணீர் இறங்கி ஆழத்தைக் கூட்டிக் காட்டும்.

நிலாவெளி ரீச்சர்:
அப்படியென்றால் தீயின் பங்கு?

பாலையூற்றான்:
நல்ல மாரிக்குப் பிறகு புல் செழிக்கும், கோடையில் அதுவே எரிபொருள். இரண்டு மீற்றருக்குக் குறைந்த கன்று பெரும்பாலும் மேலே கருகி அடியிலிருந்து துளிர்க்கும். பிபிலைப் பக்கத்துக் கடுக்காய், தான்றி, நெல்லிச் சவன்னாவில் 20க்கு 20 மீற்றர் கட்டம் போட்டு, அரை மீற்றருக்குக் கீழே, இரண்டு மீற்றர் வரை, அதற்கு மேலே என்று மரங்களை உயரப்படி பிரித்து எண்ணுங்கள். நடுவில் கருகிய குச்சியும் சுற்றி நாலு துளிரும் நின்றால் அது ஒரே மரம், நாலு இல்லை. நடு வகுப்பு வருடக்கணக்காக உயராமல் நின்றால், மழையைக் கணக்குப் பார்க்குமுன் தீ வந்த வருடங்களைக் கேளுங்கள்.

நம் பக்கத்தில் பாலையும் வீரையும் மூடிய காட்டில் நிழலால் புல் வராது, தீயும் ஓடாது. காடு வெட்டி எரித்துப் பயிர் செய்து கைவிட்ட சேனையில் இலுக்குப் புல் பிடித்து, வறண்ட கச்சான் காற்றில் தீயும் பட்டால், 1,500 மி.மீ. பெய்தும் வெளியாகவே கிடக்கும்.