ராஃபிள்ஸ் லாங் பார் போகலாமா, வேறு இடம் பார்க்கலாமா?

தேக்காவாசி:
கூடப் படித்த இரண்டு பேர் அடுத்த மாதம் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வருகிறார்கள். "பழைய கட்டடம், பழைய காலத்து பார், அங்கே ஒரு சாயங்காலம்" என்று இப்போதே ஒருவன் பிடிவாதமாக நிற்கிறான். எனக்குத் தெரிந்தது ராஃபிள்ஸ் ஹோட்டல் லாங் பார் மட்டும்தான், அதுவும் வெளியே நின்று பார்த்ததோடு சரி. நான் பியரைத் தாண்டாத ஆள். அது நிஜமாகவே பழசா, இல்லை சுற்றுலாக்காரர்களுக்குப் போட்ட செட்டா?

மழைக்கால_மைனா:
ரெண்டும்தான். ஹோட்டல் 1887இல் திறந்தது, முகப்பில் தெரியும் பெரிய கட்டடம் 1899. ஆனால் பார் அதே இடத்தில் இல்லை, 1989இல் மூடிப் புதுப்பித்து 1991இல் திறந்தபோது ஹோட்டலின் கடைகள் இருக்கும் ஆர்கேடின் இரண்டாம் தளத்துக்குப் போய்விட்டது. உள்ளே 1920களின் மலாயாத் தோட்ட பங்களா மாதிரி செய்திருக்கிறார்கள். கூரையில் பனையோலை விசிறிகள் வரிசையாக அசைந்துகொண்டே இருக்கும், காற்று வருகிறதோ இல்லையோ பார்க்க அழகு. மேசையில் சாக்குப்பை நிறைய வேர்க்கடலை, தோலைத் தரையில்தான் போட வேண்டும். குப்பை போட்டால் அபராதம் கட்டும் ஊரில் பத்து வருஷமாக இருக்கிற எனக்கு முதல் தோலைக் கீழே விடக் கையே வரவில்லை. அப்புறம் எழுந்து போகும்போது நொறுநொறு என்று மிதித்துக்கொண்டு போனேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் செருப்பிடுக்கில் நாலு தோல்.

எலுமிச்சை_ரெண்டு:
கடலை சரி, பானத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். லாங் பாரின் பெயர்பெற்ற கலப்பு மதுவான சிங்கப்பூர் ஸ்லிங்கை 1915 வாக்கில் அங்கே வேலை பார்த்த ஹைனான் சீனரான நியாம் தோங் பூன் உருவாக்கினார் என்பது ஹோட்டல் சொல்லும் கதை. அந்தக் காலத்தில் நாலு பேர் பார்க்கப் பெண்கள் மது குடிக்கக் கூடாது என்பதால் பழச்சாறு மாதிரி தெரியும்படி செய்தாராம். இப்போது தருவதில் ஜின், செர்ரி லிக்கர், ஆரஞ்சு லிக்கர், பெனடிக்டின் என்ற மூலிகை லிக்கர், எலுமிச்சை, கிரெனடின் என்ற மாதுளை சிரப், பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு எல்லாம் உண்டு, ஆனால் அளவில் முக்கால்வாசி அன்னாசிச் சாறும் ஐஸும்தான். இனிப்பு பிடிக்காதவனுக்கு அரை கிளாசிலேயே திகட்டிவிடும். பில்லில் ++ என்று இருந்தால் 10% சேவைக் கட்டணமும் 9% ஜிஎஸ்டியும் மேலே ஏறும், முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பூகிஸ்_நடைவாசி:
நண்பருக்குக் குடிதான் முக்கியம் என்றால் பார்க்வியூ ஸ்குவேர் கட்டடத்தில் இருக்கும் அட்லஸ் பாருக்குப் போங்கள். ஜின் பாட்டில்களை ஒரு கோபுரமாகவே அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்தால் 1920களின் நியூயார்க் தோற்றுவிடும், கட்டடம் முடிந்தது 2002இல்! நண்பரிடம் வருஷத்தைக் குடித்து முடித்த பிறகு சொல்லுங்கள்.

தேக்காவாசி:
ஹாஹா, சரி. முதலில் லாங் பார், அப்புறம் அட்லஸ். ஒரு ஸ்லிங்கை மூன்று பேர் பகிர்ந்தால் முறைப்பார்களா?

மழைக்கால_மைனா:
முறைக்க மாட்டார்கள், ஆனால் ஒரு கிளாசுக்கு ஒரு மூட்டைக் கடலையை மூன்று பேர் காலி செய்தால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.