லோகோவைப் பதினொரு பேர் சேர்ந்து வரைய முடியுமா?

கூத்துக்கொட்டகை:
எங்கள் தெரு நாடகக் குழுவில் பதினொரு பேர். மூன்று மாதமாக லோகோ வரைந்துகொண்டிருக்கிறோம், முடிந்தபாடில்லை. முதலில் ஒரு பறை மட்டும்தான் இருந்தது. அப்புறம் ஒருவர் முகமூடி வேண்டும் என்றார், இன்னொருவர் தெருவிளக்கு, ஒருவர் உயர்த்திய கை, போன வாரம் எங்கிருந்தோ ஒரு பறவையும் வந்து உட்கார்ந்துவிட்டது. வாட்ஸப்பில் ஓட்டெடுப்பு வைத்தால் நாலு, நாலு, மூன்று என்று பிரிகிறது. சேர்ந்து வரைவது நடக்கிற காரியமா, இல்லை ஒருவரிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதா?

பிக்சல்பாண்டி:
ஒருவரிடம் விட்டுவிடுங்கள். பன்னிரண்டு வருடமாக கோரல்டிரா என்ற படம் வரையும் மென்பொருளில் குப்பை கொட்டுகிறேன், கூட்டமாக வரைந்த லோகோ எதுவும் நோட்டீஸ் மூலையில் அரை அங்குலத்துக்குச் சுருக்கினால் நின்றதில்லை, எல்லாம் மை தீற்றிய மாதிரி ஆகிவிடும். ரூபாய் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் போட்டி அறிவித்தார்கள், மூவாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தது, அதில் ஐந்து இறுதிச் சுற்றுக்குப் போய், 2010 ஜூலையில் நம்ம ஊர் உதயகுமார் வரைந்தது தேர்வானது. தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒரே வளைவில் அடங்கிவிட்டன. அத்தனை பேரும் ஒரே தாளில் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மதுரைக்காரி:
அண்ணே, போட்டி வேறு, கூட்டு வேலை வேறு. போட்டியில் யாரும் யாரோடும் பேசுவதே இல்லையே. விக்கிப்பீடியாவின் லோகோவைப் பாருங்கள், பல மொழி எழுத்துகள் பொறித்த புதிர் உருண்டை. 2003இல் ஒருவர் வரைந்ததை இன்னொருவர் திருத்தி அமைத்தார், அதுவே கூட்டு வேலைதான். அதிலும் தேவநாகரி எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் தப்பாக விழுந்திருந்தன. வரைந்தவர்களுக்கு அது தெரியவில்லை, அந்த எழுத்துகளை வாசிக்கிறவர்கள் கண்ணில்தான் பட்டது. 2010இல் திருத்தினார்கள். உங்கள் ஒற்றை ஆள் தமிழ் தெரியாதவராக இருந்து ‘ழ’வின் சுழியை அழகுக்காக வெட்டிவிட்டால் யார் பிடிப்பது?

பிக்சல்பாண்டி:
பிழை பார்க்க ஊரையே கூப்பிடுங்கள், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? வரையும்போது தோள்மேல் பதினொரு தலை எட்டிப் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

உப்புக்காற்று:
நடுவில் ஒன்று. ஓட்டெடுப்பை முதலில் நிறுத்துங்கள். 1996இல் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்கு லோகோ போட்டி நடந்தபோது லாரி யூவிங் ஜிம்ப் மென்பொருளில் வரைந்த பென்குவினும் அதில் இருந்தது, ஜெயிக்கவில்லை. பென்குவினை விரும்பியது லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ். இன்றைக்கு லினக்ஸ் என்றாலே அந்தப் பென்குவின்தான். அன்றைக்கு ஜெயித்த படம் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை.

மதுரைக்காரி:
இது சரி. ஓட்டு கேட்டால் யாருக்கும் உறுத்தாத படம்தான் மேலே வரும். ஆனால் பேச்சே வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தருகிற மொசில்லா 2016இல் தன் புது லோகோவுக்கு ஏழு யோசனைகளைப் பொதுவில் வைத்துத் திட்டு வாங்கியது, அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழிந்து 2017 ஜனவரியில் பெயருக்குள்ளேயே இணைய முகவரியின் முக்காற்புள்ளியும் சாய்கோடுகளும் நுழைந்த லோகோ வந்தது.

பிக்சல்பாண்டி:
வரைந்தது லண்டன்காரர்கள், ஜான்சன் பேங்க்ஸ் என்ற நிறுவனம். ஊர் திட்டியது, அவர்கள் வரைந்தார்கள். நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள் தங்கச்சி.

மதுரைக்காரி:
இல்லை அண்ணே. ஊர் திட்டாமல் இருந்திருந்தால் எதைக் கழிப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொட்டகை தோழர், ஒன்று செய்து பாருங்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள், இருபது நிமிடம், பேச்சு கூடாது. பெயர் போடாமல் சுவரில் ஒட்டுங்கள். யாருடையது என்று தெரியாவிட்டால் பாதி ரோஷம் குறைந்துவிடும். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

பிக்சல்பாண்டி:
செய்யுங்கள், ஆனால் கறுப்பு மையில் மட்டும். பனியனுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் காசு. ரப்பர் ஸ்டாம்பில் உங்கள் பறவையின் இறகெல்லாம் வராது.

கூத்துக்கொட்டகை:
நேற்று ராத்திரி ஒட்டிப் பார்த்தோம். பயங்கரச் சண்டை. முகமூடியும் கையும் அங்கேயே விழுந்தன. பறையா தெருவிளக்கா என்று ஒரு மணி நேரம் இழுத்தது. கடைசியில், கோடுகூட நேராகப் போடத் தெரியாத எங்கள் பறைக்காரர், “விளக்கு வெளிச்சம் தரையில் வட்டமாத்தானே விழுது, அந்த வட்டத்தையே பறையாக்கிடுங்க” என்றார். அப்படியே அமைதியாகிவிட்டோம். கம்பம் ஒரு கோடு, கீழே வட்டம், வட்டத்தின் ஓரத்தில் சாய்ந்த குச்சி. அவ்வளவுதான். பாண்டி அண்ணே, இதை வெக்டராக, அதாவது எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாத படமாக, மாற்றித் தர எவ்வளவு ஆகும்?

பிக்சல்பாண்டி:
நாடகத்துக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள், போதும். ஆனால் பாருங்கள், யோசனை ஒருவருக்குத்தானே வந்தது.

மதுரைக்காரி:
பத்துப் பேர் ஒரு மணி நேரம் சண்டை போட்ட பிறகு வந்தது அண்ணே.

கூத்துக்கொட்டகை:
பறவைக்காரர் இன்னும் குழுவில் எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை.