பிரிட்ஜிங் லோன்: பேப்பரில் ஒரு தொகை, கைக்கு வந்தது வேறு தொகை

லூட்டன் தம்பி:
இங்கே இங்கிலாந்தில் ஏலத்தில் வீடு எடுத்தவர்களுக்கு இது விளங்கும். சமையலறையே இல்லாத வீடு, சுவரில் இரண்டு குழாய் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த நிலையில் சாதாரண மோர்ட்கேஜ் (நீண்டகால வீட்டுக்கடன்) கிடைக்காது. 28 நாளில் முழுக்காசும் கட்டவேண்டும். ஆகவே பிரிட்ஜிங், அதாவது மோர்ட்கேஜ் கிடைக்கும்வரை அல்லது பழைய வீடு விற்கும்வரை சமாளிக்க எடுக்கும் குறுகியகாலக் கடன். விலை 240,000 பவுண். ஏலத்தன்றே 10 வீதம் கட்டியாயிற்று, மிச்சம் 216,000. லோன் 180,000. கையில் 40,000 இருந்தது, 36,000 போதும் என்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

24ஆம் நாள் சொலிசிட்டர் போன். "தம்பி, அவங்கள் 154,800தான் அனுப்பினம். மிச்சத்துக்கு என்ன செய்யப்போறீர்?" மாதம் 1 வீதப்படி 12 மாத வட்டி 21,600, அதோடு 2 வீத ஏற்பாட்டுக் கட்டணம் 3,600, இரண்டையும் முன்னமே பிடித்துவிட்டார்கள். வேலைத்தலத்தில் ஒரு கையில் சாண்ட்விச்சோடு நின்றேன். கடைசியில் என் சொந்த அக்கா சீட்டுக்காசைத் தந்தா. மகளின் சாமத்தியவீட்டுக்கென்று (பூப்புனித விழா) வைத்திருந்த காசு.

ஹரோ அக்கா:
தம்பி கோபிக்கக்கூடாது, இது மறைத்த விஷயம் இல்லை. கழிவெல்லாம் போக எவ்வளவு வரும் என்று ஆஃபர் லெட்டரிலேயே இருக்கும். எங்கள் வீட்டை வாங்க இருந்தவர் கையெழுத்துக்கு முதல்நாள் பின்வாங்கினார். சாமான் எல்லாம் பெட்டியில், மாமியின் அம்மி மட்டும் நடு ஹோலில். பிரிட்ஜிங் எடுத்துப் புது வீட்டுக்குப் போனோம். ஐந்தாம் மாதம் பழையது விற்றது, மிச்ச ஏழு மாத வட்டியைத் திருப்பித் தந்தார்கள்.

குரொய்டன்காரன்:
ஐந்து மாதத்தில் விற்றவர் பேசலாம் அக்கா. நான் வீட்டைத் திருத்தி மோர்ட்கேஜுக்கு மாற்றுவதாக இருந்தேன். மதிப்பிட வந்தவர் இருபது நிமிடம் நின்றார், குளியலறை மூலையில் ஈரத்தைத் தடவிப் பார்த்தார், எனக்குத் தேவையானதைவிட 30,000 குறைத்து எழுதிவிட்டுப் போனார். தவணை நீட்டக் கட்டியது தனி. அந்த ஈரம் என் பில்டர் விட்ட பிழை, அது வேறு கதை.

தாம்பரம் ரிட்டயர்டு:
சென்னையிலும் வங்கிகள் பிரிட்ஜ் லோன் தருகின்றன. நான் எடுத்ததற்கு 2 வருடக் கெடு. பழைய ஃபிளாட்டை வாங்க வந்தவர், அரசு வைத்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போடுவோம், மீதி ரொக்கம் என்று டீக்கடை பெஞ்சில் மஞ்சள் பையைத் தட்டிக் காட்டினார். வங்கிக்கடனை அடைக்க வேண்டிய பணம் பையில் வந்தால் நான் என்ன செய்ய? அனுப்பிவிட்டேன்.

இனி எடுப்பவர்களுக்கு: தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் கடன் வாங்கும் முன்பே எடுத்து வையுங்கள், ஆள் வந்த பிறகு ஓடக் கூடாது. வங்கி இரண்டு வருடம் தருகிறதே என்று மெத்தனமாகவும் இருக்காதீர்கள். புது வீட்டை முதலில் வாங்கினால், ஒரு வருடத்துக்குள் பழையதை விற்றால்தான் விற்ற லாபத்துக்கு வருமான வரிச் சலுகை. விலையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதுவும் வம்பு. சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கினாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

லூட்டன் தம்பி:
ஐயா, நான் வரி கேட்கவில்லை. என் அக்காவுக்கு இன்னும் 9,000 கொடுக்க இருக்கு. சாமத்தியவீடு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கதிரை அடுக்கினது நான்தான், அக்கா ஒன்றும் சொல்லவில்லை.